கோட்டையில் கேட்ட பேண்டு, திருவாரூரில் எழுந்த பாடல்: முத்துசாமி தீட்சிதரின் வாழ்வு



நம் மேட்டுப்பாளையம் பகுதியில் ஆலயத் திருவிழா என்றால் தேர்பவனியின் முன்னே ஜமாப் அதிரும். பின்னே பேண்டு வாத்தியம் வரும். கிளாரினெட், டிரம்பெட், பெரிய டிரம் என வெள்ளைச் சீருடையில் வருகிற அந்தக் குழுவினர் புனிதரின் பாடலை வாசித்து முடித்த கையோடு சினிமாப் பாட்டுக்கும் தாவிவிடுவார்கள். மறுநாள் பங்குப் பேரவையில் அதைப் பற்றிப் பேச்சு எழும். பாடகர் குழுவிலும் இதே வழக்குதான். வெளியிலிருந்து வந்த மெட்டில் இறைவனைப் பாடலாமா என்று சிலர் கேட்பார்கள். மெட்டில் என்ன சாதி, என்ன மதம் என்று வேறு சிலர் மறுமொழி சொல்வார்கள். இரு தரப்பாரும் நல்ல மனத்தோடுதான் பேசுகிறார்கள். ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியைத் தம் வாழ்வில் சந்தித்த ஒருவரை இன்று நினைத்துப் பார்க்க விழைகிறோம். அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் அவருடைய வாழ்விலிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறையவே இருக்கிறது.

முத்துசாமி தீட்சிதர் 1775இல் திருவாரூரில் பிறந்தார். தியாகராஜரும் சியாமா சாஸ்திரியும் அதே ஊரில் அவருக்குச் சில ஆண்டுகள் முன்பு பிறந்தவர்கள். கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் என்று போற்றப்படும் மூவரையும் ஒரு சிற்றூர் தந்தது என்பதே வியப்பு. தந்தை ராமசாமி தீட்சிதரும் பெரும் இசைவாணர். அம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் என்று அவரைச் சொல்வார்கள். சின்னசாமி, பாலுசாமி என இரு தம்பியரும் பாலாம்பாள் என்ற தங்கையும் முத்துசாமிக்கு இருந்தனர். வீடே பாட்டும் வீணையுமாய் இருந்தது.

பிள்ளைகள் வளர்ந்துவரும் நாளில் அக்குடும்பம் சென்னைக்கு அருகிலுள்ள மணலிக்குக் குடிபெயர்ந்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் அவர்களை ஆதரித்தார். கிழக்கிந்தியக் கும்பினியாருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளராகவும் இருந்து பொருள் ஈட்டிய குடும்பம் அது. அவருடைய மகன் சின்னைய முதலியார் இசைப் பித்தர். அவர்தான் தீட்சிதர் சகோதரர்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று வெள்ளையரின் பேண்டு இசையைக் கேட்கச் செய்தார்.

அந்தக் காலத்து ஐரோப்பியப் படைப்பிரிவுகளின் பேண்டில் ஓபோ, கிளாரினெட், கொம்பு, பசூன் ஆகிய காற்றுக் கருவிகள் முக்கியமானவை. நம் நாயனத்தின் தூரத்து உறவு என்று ஓபோவைச் சொல்லலாம். அதுவும் சீவாளி வைத்து ஊதுவதுதான். ஆனால் ஓசை வேறு. நாயனக்காரர் ஒரு சுரத்தை அசைத்து, இழைத்து, அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்வார். அதைக் கமகம் என்கிறோம். பேண்டுக்காரர் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு சுரமும் படிக்கட்டுப் போல நேராக நிற்கும். படைவீரர் நடைபோடவும், துரைமார் வீட்டு விருந்தில் ஆடவும் ஏற்றபடி தாளம் அளந்து வைத்ததுபோல் இருக்கும். அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டு ஆடல் மெட்டுகளும் அங்கே ஒலித்தன. தம்பி பாலுசாமிக்கு வயலின் மேல் மோகம் உண்டாயிற்று. ஐரோப்பியர் ஒருவரிடம் அதை முறையாகக் கற்று, நம் இசையை அதில் வாசித்துக் காட்டினார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியே இல்லை. அந்த வழியைத் திறந்தவர்களில் முதல்வராகப் பாலுசாமியைக் குறிப்பிடுகிறார்கள்.

அண்ணன் முத்துசாமி வேறொன்று செய்தார். கேட்ட மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். இவற்றை நோட்டு சுர சாகித்தியம் என்பர். நோட்டு என்பது ஆங்கிலேயரிடமிருந்து வந்த சொல்லே. ஏறத்தாழ 40 பாடல்கள் இவ்வகையில் உள்ளன. மேற்கத்தியரின் மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணத்தோடு பொருந்துவதால் எல்லாம் அந்த ராகத்திலேயே அமைந்தன. கமகம் சேர்க்காமல், கேட்டபடியே நேர்ச்சுரமாக மெட்டை வைத்துக்கொண்டார்.

நம் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் டுவிங்கிள் டுவிங்கிள் என்று பாடுகிறார்களே, அந்த மெட்டு உண்மையில் ஒரு பிரெஞ்சுப் பாட்டினுடையது. 1780களில் மொசார்ட் அதை எடுத்து 12 விதமாக மாற்றி மாற்றிப் பியானோவுக்கு எழுதினார். தீட்சிதர் அதே மெட்டில் மதுரை மீனாட்சியைப் பாடினார். வியன்னாவில் ஒருவர், சோழநாட்டில் ஒருவர். ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே சிறு மெட்டைக் கையில் எடுத்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதருக்கும் ஒரு நோட்டுப் பாடல் உண்டு. திருவாரூர்க் கமலாம்பாளுக்கும் உண்டு.

இவற்றுள் நம்மைப் பெரிதும் சிந்திக்க வைப்பது வேறொரு பாடல். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் நாட்டுப் பண்ணின் மெட்டையும் அவர் எடுத்துக்கொண்டார். அந்தப் பேண்டு யாருடையது என்பதை மறந்துவிட வேண்டாம். கும்பினிப் படையின் பேண்டு அது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து நம் கோவைச் சீமை கும்பினியார் வசமானது அந்தப் படையால்தான். 1805இல் சங்ககிரியில் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டதும் அவர்களே. அவர்களுடைய அரசர் பாட்டின் மெட்டை வைத்துக்கொண்டு, அரசர் இருந்த இடத்தில் தாம் வணங்கிய தெய்வத்தை அமர்த்தினார் தீட்சிதர். அதில் வசையும் இல்லை, முகத்துதியும் இல்லை. மனிதரைப் புகழ்ந்து பாடிப் பரிசு பெறுவதை அவர் விரும்பியதில்லை என்பது அவருடைய வாழ்க்கை முழுவதிலும் தெரிகிறது.

சிதம்பரநாத யோகி என்ற துறவி அவரைக் காசிக்கு அழைத்துச் சென்றார். சில ஆண்டுகள் கங்கைக் கரையில் குருவோடு தங்கி, வேதாந்தமும் வழிபாட்டு முறைகளும் கற்றார். வடநாட்டு இசையையும் அங்கே காது குளிரக் கேட்டார். திரும்பி வந்தபின் திருத்தணி முருகன் கோயிலில், முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டு இட்டு மறைந்ததாகவும், அக்கணமே பாட்டுப் பிறந்ததாகவும் மரபு சொல்கிறது. குருகுகன் என்ற முத்திரைச் சொல்லை அவர் பாடல்களில் காண்கிறோம். காஞ்சிபுரத்தில் சில காலம் தங்கிவிட்டு, பிறகு பிறந்த ஊருக்கே வந்து சேர்ந்தார்.

திருவாரூரில் அவர் செய்த வேலைதான் நம் கருத்தில் மிக உயர்ந்தது. நோட்டுப் பாடல்கள் அதற்கு முன் சிறு விளையாட்டுப் போலத் தோன்றும். அங்குள்ள பெரிய கோயிலும், அதற்கு ஈடான பரப்புள்ள கமலாலயக் குளமும், ஆழித்தேர் ஓடும் வீதிகளும் அவர் பாட்டுக்குள் வந்தன. கோயிலில் எத்தனை சந்நிதிகள் உண்டோ அத்தனை வாசலிலும் நின்று பாடினார் என்றே சொல்லலாம். பிள்ளையாருக்கு மட்டும் 16 பாடல்கள் என்பர். கச்சேரி மேடைகளில் எல்லோரும் அறிந்த வாதாபி கணபதி பாடல் அவற்றுள் ஒன்று. புற்றிடங்கொண்டார், அசலேசுவரர், நீலோத்பலாம்பாள் என ஒவ்வொரு சந்நிதிக்கும் தனித்தனியே பாடல்கள் உண்டு. தியாகராசப் பெருமானை வடமொழியின் 8 வேற்றுமைகளிலும் வரிசையாகப் பாடினார்: ஒரு பாட்டில் பெருமான் எழுவாய், அடுத்ததில் செயப்படுபொருள் என்று இலக்கணமே வழிபாடாயிற்று. கமலாம்பாளுக்கு நவாவரணம் என்ற 9 பாடல்களைத் தியானம், மங்களம் இரண்டோடும் சேர்த்து அமைத்தார். தலத்தின் பெயர், தீர்த்தம், தலபுராணக் கதை, ராகத்தின் பெயர்கூட அந்தந்தப் பாட்டில் பொதிந்திருக்கும். ஊரைப் பார்த்திராதவர்கூட அவர் பாடல்களைக் கொண்டு திருவாரூரைச் சுற்றி வந்துவிடலாம்.

மெட்டை மட்டும் இரவல் வாங்கிச் சொற்களை அவசரமாக ஒட்டிவைப்பவருக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கோட்டை மெட்டைக் கூச்சமின்றி எடுத்தவர், தம் ஊரின் கல்லையும் குளத்தையும் அதைவிட நன்றாக அறிந்திருந்தார். நம் பாடகர் குழுக்களில் நடக்கும் வழக்கிலும், மெட்டு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் காட்டிலும், பாடுகிறவர் எதை அறிந்து பாடுகிறார் என்பதே பெரிது என்று நமக்குத் தோன்றுகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இல் திருவழிபாடு பற்றி வெளியிட்ட ஏட்டில், அந்தந்த நாட்டு மக்களின் இசை மரபை மதிக்கும்படி கேட்டுக்கொண்டது. ஆர்கனை உயர்வாகப் போற்றிய அதே ஏடு, தூய பயன்பாட்டுக்குப் பொருந்தும் பிற கருவிகளுக்கும் இடம் தந்தது. கிளாரினெட்டோ நாயனமோ, அது ஆலயத்துக்குத் தகுந்தபடி ஒலிக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. சினிமாப் பாட்டைக் கேட்டதும் காதலர் முகம் நினைவில் வந்தால், அந்த மெட்டு இன்னும் நம்முடையதாகவில்லை என்றுதான் பொருள்.

தீட்சிதரின் வீட்டில் வறுமை உண்டு. ஒருநாள் அடுப்பு மூட்ட அரிசி இல்லாதபோது, அவருடைய மாணவி கமலம் தன் வளையலை அடகு வைக்க முன்வந்தார் என்றும், அவர் சம்மதிக்காமல் கோயிலுக்குச் சென்று பாடினார் என்றும் ஒரு வரலாறு வழங்குகிறது. அதிகாரி ஒருவரின் வருகைக்காகச் சேர்த்து வைத்த மளிகை, அவர் வராமல் போகவே இவர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததாம். கமலம் கோயில் நடனக்காரர். இன்னொரு மாணவர் தம்பியப்பன், திருவாரூர்க் கோயிலில் சுத்தமத்தளம் வாசித்தவர். தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்களும் அவரிடம் பயின்றவர்களே. வேதம் ஓதும் குலத்தில் பிறந்தவர், குலத்தையோ தொழிலையோ காரணம் காட்டி இவர்களை ஒதுக்கவில்லை. இதை அவருடைய இசைக்குச் சற்றும் குறையாத பெருமையாகக் கருதுகிறோம்.

தம்பி பாலுசாமி எட்டயபுரம் அரசவையில் வித்துவானாக அமர்ந்தார். தம்பியைக் காண அங்கே சென்ற வழியில், வறண்ட நிலத்தைக் கண்டு மனம் கசிந்து அவர் பாட, மழை பெய்தது என்று சொல்வார்கள். 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில், எட்டயபுரத்தில், மாணவர்கள் மீனாட்சியைப் பாடிக்கொண்டிருக்க உயிர் துறந்தார். சமாதி அங்கேயே உள்ளது.

அவருடைய பாடல்கள் நெடுங்காலம் ஓலையிலும் மனனத்திலுமே இருந்தன. அவற்றைக் காத்தவர் பாலுசாமியின் பேரனும் அவருக்குத் தத்துப்பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர். அவரை அச்சிடத் தூண்டியவர்களில் முதன்மையானவர் ஒரு கிறிஸ்தவர் என்பதை நம் மக்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். சென்னை அரசு அலுவலகத்தில் பணியாற்றிய சின்னசாமி முதலியார் அவர். கர்நாடகப் பாடல்களை ஐரோப்பிய முறையில் கோடுகளில் எழுதி அச்சிடும் பெருமுயற்சியில் 1890களில் இறங்கினார். கைப்பொருள் கரைந்தது, கண் பார்வையும் மங்கியது. தம்மால் முடிக்க இயலாது என்று கண்டு, சுப்பராம தீட்சிதர் அந்தச் செல்வத்தை வெளியிட வேண்டும் என்று எட்டயபுரம் அரசரிடம் மன்றாடினார். சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904இல் இரு பெரும் பகுதிகளாக எட்டயபுரத்திலேயே அச்சாகி வெளிவந்தது. அடுத்த ஆண்டு, இசை பயிலத் தொடங்கும் பிள்ளைகளுக்கென்று சுப்பராம தீட்சிதர் ஒரு சிறு புத்தகமும் வெளியிட்டார். கோட்டை பேண்டின் அந்த நோட்டுப் பாடல்கள் அதில் இடம்பெற்றன. இன்றும் இசை வகுப்புகளில் சிறுவர் சிறுமியர் அவற்றைப் பாடிப் பழகுகிறார்கள்.