மேடையும் திரையும்: இயக்குநர் கே. சுப்பிரமணியத்தின் கலைவாழ்வு

முன்னுரை

தமிழ்ப் பேசும்படம் தோன்றிய முதற்பத்தாண்டில் நாடக மேடையே திரைக்குக் கதையையும் பாட்டையும் நடிகரையும் வழங்கியது. அம்மரபைப் பெற்றுக்கொண்டு சமூகச் சீர்திருத்தக் கதைகளை நோக்கித் திருப்பியவர்களுள் கே. சுப்பிரமணியம் (1904–1971) முதன்மையானவர். அவரது வாழ்வை மேடை, திரை என்னும் இரண்டின் உறவாகக் கண்டு இக்கட்டுரை அமைகிறது.

மேடையிலிருந்து திரைக்கு

தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தில் பிறந்த சுப்பிரமணியம் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். ராஜா சாண்டோவின் மௌனப் படங்களில் கதையமைப்புப் பணி செய்து திரைத்துறையைக் கற்றார். எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துவந்த பவளக்கொடி நாடகத்தை 1934இல் படமாக்கினார். இயக்குநருக்கும் இரு நடிகருக்கும் அதுவே முதற்படம். ஐம்பது பாடல்கள் கொண்ட அப்படம் நாடகக் கொட்டகையின் சுவையை ஏறத்தாழ அப்படியே திரைக்குக் கொணர்ந்தது. செயற்கை ஒளி வசதி இல்லாக் காலமாதலின் சூரிய ஒளியை நம்பியே படப்பிடிப்பு நடந்தது.

அடுத்து வந்த நவீன சதாரமும் (1935) மேடையில் புகழ்பெற்ற கதையே. பக்த குசேலாவில் (1936) குசேலராகப் பாபநாசம் சிவன் நடிக்க, கண்ணனாகவும் குசேலரின் மனைவியாகவும் எஸ். டி. சுப்புலட்சுமி நடித்தார். ஒருவரே இருபாலாரையும் நடிப்பது நாடக மேடைக்குப் பழகிய வழக்கம். அதனைத் திரையும் தயக்கமின்றி ஏற்றது.

சமூகக் கதைகள்

பாலயோகினி (1937) திருப்பமாக அமைந்தது. உறவினரால் அவமதிக்கப்பட்ட பிராமணக் கைம்பெண்ணும் சிறுமியும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த பணியாளர் இல்லத்தில் அடைக்கலம் பெறுவதே கதை. புராணத்திற்குப் பழகிய பார்வையாளர் சாதிக் கட்டுப்பாட்டின் மீதான கேள்வியைத் திரையில் எதிர்கொண்டனர். சிறுமியாக நடித்த பேபி சரோஜாவின் பெயரைப் பலர் தம் குழந்தைகளுக்கு இட்டனர்.

பிரேம்சந்தின் புதினத்தைத் தழுவிய சேவாசதனம் (1938) வழியாக எம். எஸ். சுப்புலட்சுமி திரைக்கு அறிமுகமானார். வயது முதிர்ந்த கணவராக நடித்தவர் திருச்சி ரசிக ரஞ்சன சபாவை நிறுவிய எஃப். ஜி. நடேச ஐயர். பொருந்தா மணத்தின் கொடுமையைச் சொல்லும் கதைக்கு மேடையில் தேர்ந்த நடிகரைத் தேர்ந்தமை கருதத்தக்கது. பழைய கலையின் பயிற்சி புதிய பொருளுக்குத் துணைநின்றது.

தியாகபூமி (1939) கல்கியின் கதை. ஆனந்த விகடனில் திரைக்காட்சிப் படங்களுடன் தொடராக வந்தது. கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி பின்னாளில் செல்வம் பெறுகிறாள். சேர்ந்து வாழுமாறு கணவன் வழக்குத் தொடுக்கும்போது இணங்க மறுத்து, நாட்டுப்பணியில் இறங்குகிறாள். தீண்டாமை எதிர்ப்பும் காந்திய உணர்வும் நிறைந்த இப்படத்தை ஆங்கில அரசு பின்னர்த் தடைசெய்தது. தடையாணை நடைமுறைக்கு வருமுன் சென்னைக் கெயிட்டி திரையரங்கில் இலவசமாகத் திரையிட்டதாக வரலாறு குறிக்கிறது.

இழப்பும் முரணும்

அவர் பங்கேற்று உருவாக்கிய மௌண்ட் ரோடு படப்பிடிப்புத் தளம் தீவிபத்திற்குப் பின் எஸ். எஸ். வாசன் கைக்கு மாறி ஜெமினி ஆயிற்று. போர்க்காலத்தில், தம் படத்தைத் தடைசெய்த அதே அரசின் போர்முயற்சிக்குச் சார்பான மானசம்ரட்சணம் (1945) படத்தையும் அவரே இயக்கினார். இதனைக் கொள்கை மாற்றம் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. கச்சாப் பிலிம் ஒதுக்கீட்டை அரசு கட்டுப்படுத்திய அக்காலத்தில் தயாரிப்பாளர் பலரும் அந்நெருக்கடிக்கு உட்பட்டனர்.

பிற்காலத்தில் அவர் கவனம் அமைப்புப் பணிகளின் பக்கம் சென்றது. 1942இல் நிருத்யோதயா நடனப்பள்ளியைத் தொடங்கினார். திரைத்துறைச் சங்கங்கள் வளரவும் உழைத்தார்.

முடிவுரை

சுப்பிரமணியத்தின் ஆக்கத்தில் மேடை கைவிடப்படவில்லை, பயன்பாடு மாறியது. பாட்டு, இசைவல்ல நடிகர், உருக்கமான குடும்பக்கதை ஆகிய பழகிய கூறுகளாலேயே பார்வையாளர் புதிய கருத்தின் அருகே அழைத்துவரப்பட்டனர். தியாகபூமியின் படி புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் உள்ளது. அக்காலப் படங்கள் பல அழிந்துபோன நிலையில், பாட்டுப் புத்தகங்களையும் இதழ்த் தொடர்களையும் நாடகப் பிரதிகளையும் ஒப்பிட்டு ஆராய்வதே அவரது பங்களிப்பை மதிப்பிட எஞ்சியிருக்கும் வழி. நாடகத்தமிழ் ஆய்வும் திரைப்பட ஆய்வும் தனித்தனியே இயங்கும்வரை அம்மதிப்பீடு முழுமை பெறாது.