காற்றை எதிர்கொண்ட ஏமி ஜான்சன்

வானில் ஏறுவது வீரம் என்றால், பத்திரமாகத் தரையிறங்குவது ஒரு கலை. வானில் வெற்றிக்கொடி நாட்டிய மங்கை ஒருவர் தரையிறங்கும்போது பலமுறை தடுமாறினார் என்றால் நமக்கு வியப்பாக இருக்கிறதல்லவா? விழுந்தும் எழுந்தும் புகழ்பெற்ற ஏமி ஜான்சனின் வாழ்க்கையை இங்கே காண்போம்.

ஏமி 1903ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை மீன் வணிகர். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ஏமி, லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பணியாற்றினார். ஓய்வு நேரங்களில் ஸ்டாக் லேன் விமானத் திடலுக்குச் சென்று விமானம் ஓட்டக் கற்றார். 1929இல் உரிமம் கிடைத்தது. அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. ஆண்கள் மட்டுமே இருந்த பட்டறையில், கையில் எண்ணெய்க் கறையுடன் இயந்திரப் பழுது பார்க்கவும் கற்றார். பிரிட்டனில் விமானத் தரைப் பொறியாளர் சான்றிதழ் பெற்ற முதல் பெண் இவரே.

1930 மே 5ஆம் நாள், லண்டனை அடுத்த குரோய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியாகப் புறப்பட்டார். ஏறிச் சென்றது பழைய ஜிப்சி மாத் விமானம். மரச்சட்டத்தில் துணி போர்த்திய இறக்கைகள், மேலே திறந்த இருக்கை, ஒரே இயந்திரம். வானொலிக் கருவி இல்லை. சக்கரங்களுக்குத் தடையும் இல்லை. அதற்கு ஜேசன் என்று பெயரிட்டிருந்தார்.

இத்தகைய சிறு விமானத்துக்குக் காற்றே நண்பன், காற்றே பகைவன். 70 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், தரையைத் தொடும்போது அதன் ஓட்டம் 50 கிலோமீட்டராகக் குறையும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 90 ஆகிவிடும், திடலும் போதாமற்போகும். பக்கத்திலிருந்து வீசும் காற்றோ விமானத்தை ஓரமாக ஒதுக்கி, ஓர் இறக்கையைத் தூக்கிக் கவிழ்க்கப் பார்க்கும். ஆகவேதான் விமானிகள் காற்றின் முகம் பார்த்து இறங்குகிறார்கள்.

ஏமிக்கு அந்த வசதி எப்போதும் வாய்க்கவில்லை. எரிபொருள் குறைந்ததால் நம் நாட்டின் ஜான்சியில் இராணுவ அணிவகுப்புத் திடலில் இறங்கினார், இறக்கை சேதமடைந்தது. ரங்கூனை நெருங்கும்போது கடும் மழை. இறங்க வேண்டிய குதிரைப் பந்தயத் திடல் புலப்படவில்லை. இன்செயினில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் விளையாட்டுத் திடலில் இறங்க, விமானம் ஓடிப்போய்ப் பள்ளத்தில் விழுந்தது, உந்துவிசிறி உடைந்தது. ஏமி கலங்கி அமர்ந்துவிடவில்லை. அங்கிருந்தவர்களின் உதவியோடு பழுதுபார்த்து, தாம் கொண்டு வந்திருந்த மாற்று விசிறியைப் பொருத்தி, மீண்டும் பறந்தார். பட்டறையில் கற்ற தொழில் அன்று கைகொடுத்தது.

மே 24ஆம் நாள் டார்வின் நகரை அடைந்தார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதல் பெண் என்று உலகமே கொண்டாடியது.

ஐந்தே நாட்கள்தான். மே 29ஆம் நாள் பிரிஸ்பேன் நகரில் அவரைக் காணப் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. பல நாள் பயணத்தால் சோர்ந்திருந்த ஏமி, பின்காற்றோடு தரையிறங்கினார். ஜேசன் நிற்காமல் ஓடியது. திடலைக் கடந்து வேலியில் மோதித் தலைகீழாகக் கவிழ்ந்தது. நல்லவேளையாக அவருக்குப் பெருங்காயம் எதுவுமில்லை. ஆனால் பாதி உலகைத் தனியே கடந்து வந்தவர், சிட்னிக்கு வேறொருவர் ஓட்டிய விமானத்தில் பயணியாகச் செல்ல நேர்ந்தது. மனம் எவ்வளவு நொந்திருக்கும்!

எனினும் அவர் பறப்பதைக் கைவிடவில்லை. 1932இல் இங்கிலாந்திலிருந்து கேப் டவுனுக்குத் தனியே பறந்து சாதனை படைத்தார். 1933இல் கணவருடன் அட்லாண்டிக் கடலைக் கடந்தபோது, அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட்டில் இரவில் இறங்குகையில் மீண்டும் விபத்து. காயங்கள் ஆறியதும் மீண்டும் வானம். இரண்டாம் உலகப் போரில், விமானங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்க்கும் பணியை ஏற்றார். 1941 ஜனவரி 5ஆம் நாள் மோசமான வானிலையில் அவரது விமானம் தேம்ஸ் கழிமுகத்தில் வீழ்ந்தது. அவரைக் காப்பாற்றக் குளிர்நீரில் குதித்த கடற்படை அதிகாரி வால்டர் பிளெட்சரும் உயிர் நீத்தார். முப்பத்தேழு வயதே ஆன ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை.

லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஜேசன் இன்றும் இருக்கிறது. ஜான்சியிலும் இன்செயினிலும் பிரிஸ்பேனிலும் அடிபட்ட அதே விமானம்தான் அது. தோழியரே, காற்று வீசும் திசையை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஊரார் பார்க்க ஒருநாள் கவிழ்ந்துவிட்டால், அதுவரை பறந்த தொலைவெல்லாம் பொய்யாகிவிடுவதும் இல்லை. தேர்வோ வாழ்வோ, தடுமாறும் நேரத்தில் எழுந்து நின்று பழுதுபார்க்கும் திறமையை நம் கைகளுக்கு இப்போதே கற்றுக்கொடுப்போம்.