முடங்கியோரை நடக்கச் செய்தவர்

நடத்தல் என்பது மிக எளிய செயலாகத் தோன்றும். உழவர் வயலுக்குச் செல்வதும், தாய் அடுக்களைக்கும் முற்றத்துக்குமாக உலவுவதும், சிறுவர் பள்ளிக்கு விரைவதும் எவரும் எண்ணிப் பாராத அன்றாடச் செயல்கள். ஆயினும், இடுப்பு மூட்டு நோயுற்றவர்க்கு ஒவ்வோர் அடியும் ஒரு வேதனையாகும். படியேறுதல் மலையேறுதல் போலாகிவிடும். இரவில் படுக்கையில் புரளும்போதும் வலி விழித்துக்கொள்ளும். இத்தகையோர் இலட்சக்கணக்கானவரை மீண்டும் எழுந்து நடக்கச் செய்த அறுவை மருத்துவர் ஒருவர் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜான் சார்ன்லி.

தொடை எலும்பின் தலை பந்து போல் உருண்டிருப்பது. அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்திச் சுழல்கின்றது. பந்தின்மீதும் குழியின் உட்புறத்திலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தப்பட்டுள்ளது. இக்குருத்தெலும்பு தேய்ந்துபோனால், எலும்போடு எலும்பு உரசும், மூட்டு இறுகும், வலி பெருகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இதற்குச் செம்மையான மருத்துவம் இல்லை. மூட்டை அசையாதவாறு ஒன்றாகப் பிணைத்துவிடுவது ஒரு முறை. அதனால் வலி நீங்கும். ஆனால், கால் மடங்காது. 1938-ஆம் ஆண்டில் பிலிப் வைல்ஸ் என்னும் மருத்துவர் இலண்டனில் எஃகினால் முழு மூட்டு ஒன்றைச் செய்து பொருத்தினார். அம்முயற்சியும் நிலைத்த பயன் தரவில்லை.

சார்ன்லி 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் லங்காஷயர் மாவட்டத்தில் பெரி என்னும் ஊரில் பிறந்தார். அது பஞ்சாலைகளும் பொறித்தொழிலும் சிறந்து விளங்கிய நிலப்பகுதி. தந்தையார் மருந்துக்கடை நடத்தியவர். தாயார் செவிலியாகப் பணியாற்றியவர். மருந்தின் மணமும் நோயாளர்பால் பரிவும் நிறைந்த இல்லத்தில் வளர்ந்த சிறுவன் மருத்துவக் கல்வியை நாடியதில் வியப்பில்லை. மான்செஸ்டர்ப் பல்கலைக் கழகத்தில் பயின்று 1935-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டிலேயே, தம் இருபத்தைந்தாம் வயதில், அறுவை மருத்துவர்க்குரிய அரிய தேர்விலும் வெற்றி பெற்றார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அவர் படை மருத்துவரானார். எகிப்து நாட்டில் பணியாற்றுகையில், பட்டறைத் தொழிலாளரோடு அமர்ந்து அறுவைக் கருவிகளையும் முறிந்த காலைத் தாங்கும் சாதனங்களையும் வகுத்தார். கத்தி பிடிக்கும் கை கடைசல் எந்திரத்தையும் இயக்க வேண்டும் என்னும் உண்மை அவர் உள்ளத்தில் ஊன்றியது. போருக்குப்பின் மான்செஸ்டர் திரும்பி, எலும்பு முறிவு மருத்துவத்தில் பெரும்புகழ் எய்தினார். 1950-இல் அவர் வெளியிட்ட எலும்பு முறிவு பற்றிய நூல் பல தலைமுறை மருத்துவர்க்கு வழிகாட்டியாய் அமைந்தது.

ஐயம் எழுந்தால் அதனைச் சோதித்தறியாமல் விடுவது அவர் இயல்பன்று. எலும்பு ஒட்டு எவ்வாறு உயிர்பெறுகின்றது என்பதை அறிய விரும்பி, தம் காலெலும்பிலேயே அறுவை செய்து பார்க்குமாறு உடன் பணியாற்றிய ஒருவரை இணங்கவைத்தார். அப்புண்ணில் நச்சுக் கிருமிகள் புகுந்து, அவர் நெடுநாள் துன்புற நேர்ந்தது. பிறர்க்குச் செய்யத் துணிவதைத் தமக்கும் செய்துகொள்ளத் தயங்காத அப்பண்பு, பின்னர் ஒரு பெருஞ்சோதனையில் மீண்டும் வெளிப்பட்டது.

அக்காலத்தில் பாரிசு நகரைச் சேர்ந்த ஜூடே உடன்பிறப்பினர் அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருளால் பந்து செய்து, தேய்ந்த தலைக்கு மாற்றாகப் பொருத்தி வந்தனர். அவ்வாறு பொருத்தப்பெற்ற நோயாளி ஒருவரைச் சார்ன்லி கண்டார். அம்மனிதர் அசையும்போதெல்லாம் மூட்டு எண்ணெயிடாத கதவுபோல் கிறீச்சிட்டது. பிறர் அதனை வேடிக்கையாகக் கருதினர். சார்ன்லியோ அவ்வொலியில் ஓர் உண்மையைக் கேட்டார். ஒலி எழுகின்றதெனின் உராய்வு மிகுதி. உராய்வு மிகின் பொருத்திய உறுப்பு எலும்பிலிருந்து தளர்ந்துவிடும். எனவே, உராய்வை வெல்லாமல் மூட்டை வெல்ல இயலாது என்று அவர் தெளிந்தார்.

இயற்கை மூட்டின் உராய்வை அவர் அளந்து பார்த்தார். அது பனிக்கட்டியின்மீது சறுக்குவதினும் குறைவாக இருந்தது. அவ்வழவழப்புக்குக் காரணம் மூட்டு நீர் மட்டும் அன்று. குருத்தெலும்பின் தனித்தன்மையே என்பது அவர் கொண்ட முடிவு. உலோகத்தையோ அக்ரிலிக்கையோ அந்நீர் அவ்வாறு வழுக்கச் செய்யாது. ஆதலின், தானே வழுக்கும் இயல்புடைய பொருளைத் தேடினார். உணவு ஒட்டாத பாத்திரங்களுக்குப் பூசப்படும் டெப்லான் என்னும் வெண்ணிறப் பொருள் அவருக்குத் தகுந்ததாகத் தோன்றியது. தம் இல்லத்துப் பட்டறையிலேயே அதனைக் கிண்ணமாகக் கடைந்தார்.

அவர் வகுத்த மூட்டில் மூன்று நுட்பங்கள் அமைந்திருந்தன. முதலாவது, பந்தின் அளவு. கிணற்று உருளையின் அச்சு மெல்லியதாயின் அது எளிதில் சுழலும். பருத்ததாயின் உராய்வின் பிடி மிகும். இவ்விதியைக் கொண்டு அவர் பந்தைப் படிப்படியாகச் சிறிதாக்கினார். இயற்கைப் பந்தின் பாதியளவே ஆன, 22 மில்லிமீட்டர் குறுக்களவுடைய துருவேறா எஃகுப் பந்தை இறுதியில் தேர்ந்தார். பந்து சிறிதானமையால் கிண்ணத்தைத் தடிப்பாகச் செய்யவும் முடிந்தது.

இரண்டாவது, உறுப்பை எலும்பில் நிலைநிறுத்தும் முறை. பல்மருத்துவர் பயன்படுத்தி வந்த ஒருவகை அக்ரிலிக் பொருளைப் பற்றி, மான்செஸ்டரில் பல்மருத்துவப் பொருள்களை ஆராய்ந்துவந்த டென்னிஸ் ஸ்மித் என்பவர் வாயிலாக அறிந்தார். மாவுபோல் குழைத்து எலும்பின் உட்குழிவில் நிரப்பினால் சில நிமிடங்களில் அது இறுகிவிடும். இதனை எலும்புச் சிமெண்டு என்பர். இது பசைபோல் ஒட்டுவதன்று. கற்களுக்கிடையே கொத்தனார் இடும் சாந்துபோல் இடைவெளியை நிரப்பி, உடலின் சுமையை எலும்பின் பரப்பெங்கும் பகிர்ந்தளிப்பது. சுவரில் ஆடிய ஆணியைச் சாந்திட்டு இறுக்கினாற்போல, எஃகுத் தண்டு எலும்பினுள் அசையாது நின்றது.

மூன்றாவது, நெம்புகோல் விதி. ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது, இடுப்பு மூட்டு துலாக்கோலின் நடுப்புள்ளி போலாகின்றது. ஒருபுறம் உடலின் எடை நீண்ட தொலைவில் தொங்குகின்றது. மறுபுறம் இடுப்புத் தசை குறுகிய தொலைவிலிருந்து இழுக்கின்றது. குறுகிய புறத்துத் தசை எடையினும் மிகுதியாக இழுத்தாலன்றிச் சமநிலை உண்டாகாது. எனவே, மூட்டின்மீது உடல் எடையைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு சுமை விழுகின்றது. சார்ன்லி கிண்ணத்தைச் சிறிது உள்நோக்கியும், தசை பற்றியுள்ள எலும்பு முனையைச் சிறிது வெளிநோக்கியும் அமைத்து, அச்சுமையைக் குறைக்க முயன்றார்.

அறுவை முடிந்தவர்கள் வலியின்றி நடந்தனர். ஊன்றுகோலை எறிந்தனர். 1958-ஆம் ஆண்டு முதலாக ஏறத்தாழ 300 பேர் டெப்லான் கிண்ணம் பெற்றனர். முன்னர்க் காசநோய் மருத்துவமனையாயிருந்த ரைட்டிங்டன் என்னுமிடம் சார்ன்லியின் ஆய்வுக்களமாகியது. வெற்றி கைகூடிற்று என்றே யாவரும் எண்ணினர்.

ஆனால், ஓரிரு ஆண்டுகளில் நோயாளர் மீண்டும் வலியோடு வரத் தொடங்கினர். ஒளிப்படங்களில் எஃகுப் பந்து கிண்ணத்தைத் துளைத்துக்கொண்டு மேலேறியிருந்தது. வழுக்கும் பொருளாயினும் டெப்லான் விரைவில் தேய்ந்தது. தேய்ந்த துகள்களோ சுற்றியுள்ள தசையையும் எலும்பையும் கெடுத்தன. நன்மை செய்வதாக எண்ணிச் செய்த செயல் பலர்க்குத் துன்பமாய் முடிந்ததை எண்ணி அவர் நெஞ்சம் உருகியது. நள்ளிரவில் அவர் கட்டிலில் அமர்ந்து, தலையைக் கைகளில் ஏந்தியிருந்ததைக் கண்டதாக அவர்தம் மனைவியார் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இத்தகைய நிலையில் பிழையை மறைப்பவர் உண்டு. பழியைப் பிறர்மேல் ஏற்றுபவரும் உண்டு. சார்ன்லி இவ்விரண்டையும் செய்யவில்லை. டெப்லான் தவறியதை மருத்துவ உலகிற்கு ஒளிவின்றி எழுதினார். தவறிய மூட்டுகளை மீண்டும் திறந்து திருத்தும் கடும்பணியையும் தம் கடமையாக ஏற்றார்.

1962-ஆம் ஆண்டு மே திங்களில் வணிகர் ஒருவர் புதியதொரு பொருளோடு ரைட்டிங்டனுக்கு வந்தார். லங்காஷயர்த் தறிகளின் பற்சக்கரங்களுக்காக விற்கப்பெற்ற அப்பொருள், மிகுந்த மூலக்கூற்று எடையுடைய பாலிஎத்திலீன் ஆகும். சார்ன்லி அதனை வாங்கிக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்தார். மிக மெதுவாயிருக்கின்றது என்று ஒதுக்கிவிட்டு அயல்நாட்டு மாநாட்டுக்குச் சென்றார். ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஹாரி கிரேவன் என்னும் பொறிவினைஞர் அதனை எறிந்துவிடவில்லை. தாம் செய்திருந்த தேய்மானச் சோதனை எந்திரத்தில் மாட்டி, இரவும் பகலும் ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடிய பின்னும் அது டெப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூடத் தேயவில்லை. திரும்பிவந்த சார்ன்லி எந்திரத்தைக் கண்டார். தம் நகம் கூறிய தீர்ப்புப் பிழையெனவும், உதவியாளரின் சோதனை கூறியதே மெய்யெனவும் உடனே ஒப்புக்கொண்டார்.

ஆயினும், ஒருமுறை சுட்ட நெருப்பை அவர் மறக்கவில்லை. இப்புதிய பொருளும் உடலுக்குத் தீங்கிழைக்குமோ என்னும் கேள்வி எஞ்சியிருந்தது. அதற்கு விடை காண, இரு பொருள்களின் துகள்களையும் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டார். திங்கள்கள் கடந்தன. டெப்லான் செலுத்திய இடங்களில் கட்டிகள் தோன்றின; பாலிஎத்திலீன் செலுத்திய இடத்தில் தீங்கு காணப்படவில்லை. இச்செய்தியை 1963-இல் லான்செட்டு என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

1962-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பாலிஎத்திலீன் கிண்ணம் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. இம்முறை நோயாளர் நலமுற்றனர். ஆயினும், சார்ன்லி வெற்றி முழங்கவில்லை. ஆண்டுகள் பல கடந்து பயன் உறுதிப்படும் வரையில் பொறுத்திருந்தார். தம்மிடம் வந்து முறையாகப் பயின்ற மருத்துவர்க்கன்றிப் பிறர்க்கு அம்மூட்டை விற்கலாகாது என்று நெடுநாள் தடையும் விதித்திருந்தார். இறந்தபின் தம் மூட்டை ஆய்வுக்கு அளிக்குமாறு நோயாளரை வேண்டினார். பலர் மனமுவந்து இசைந்தனர்.

இன்னும் ஒரு பகை எஞ்சியிருந்தது. அறுவை செய்தோரில் தொடக்கத்தில் நூற்றுக்கு ஏழுபேர் அளவில் கிருமியால் தாக்கப்பட்டனர். கிருமிகள் அறையின் காற்றிலிருந்தும் அங்குள்ளோர் மூச்சிலிருந்தும் உடலிலிருந்தும் வருகின்றன எனச் சார்ன்லி உய்த்துணர்ந்தார். காற்றை வடிகட்டும் தொழிலில் வல்லாரின் துணையோடு, தூய காற்று இடையறாது பாயும் கண்ணாடி அறை போன்ற ஒன்றை அறுவைக் கூடத்தினுள் அமைத்தார். மருத்துவரின் மூச்சுக்காற்றை வெளியே உறிஞ்சிச் செல்லும் தனி உடையையும் வகுத்தார். இவற்றாலும் பிற தடுப்புகளாலும் கிருமித் தாக்குதல் நூற்றுக்கு ஒன்றினும் குறைந்தது.

புகழ் அவரைத் தேடி வந்தது. 1974-இல் அமெரிக்க நாட்டின் லாஸ்கர் பரிசு கிடைத்தது. 1975-இல் இலண்டன் அரசவைக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1977-இல் சர் பட்டம் அவர்க்கு வழங்கப்பட்டது. 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5-ஆம் நாள், தம் எழுபதாம் வயதில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

பாலிஎத்திலீனின் நுண்துகள்களும் நெடுங்காலத்தில் எலும்பை அரிக்கக் கூடும் என்பதைப் பின்வந்தோர் கண்டறிந்தனர். தேய்மானம் குறைந்த புதுவகைப் பாலிஎத்திலீனையும் ஆக்கினர். சார்ன்லி தொடங்கிய சோதனை அவரோடு முடியவில்லை. இன்று உலகெங்கும் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் செயற்கை இடுப்பு மூட்டுப் பெறுகின்றனர்.

அறிவாற்றல் பெற்றோர் பலர். தம் பிழையை நேர்நின்று நோக்கும் ஆற்றல் பெற்றோர் சிலர். சார்ன்லியின் முதல் மூட்டு தேய்ந்தது. அவர் உறுதி தேயவில்லை. பிழையை ஒப்புக்கொண்டு, அதன் காரணத்தைத் தேடி, அதனைத் திருத்தும் வரை ஓயாதிருந்தமையே அவருடைய பெருமைக்கு அடிப்படை. வலியின்றி எடுத்துவைக்கப்படும் ஒவ்வோர் அடியும் அவர் நினைவைப் போற்றுவதாகும்.