ஜானகி அம்மாள்

ஜானகி அம்மாள் (நவம்பர் 4, 1897 - பெப்ரவரி 7, 1984) இந்தியத் தாவரவியலாளரும் உயிரணு மரபியலாளரும் ஆவார். அன்றைய சென்னை மாகாணத்தின் தலைச்சேரியில் பிறந்தார். சென்னையிலும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் பயின்று, 1931 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

தாவரங்களின் பண்புகள் மரபணு மாற்றத்தால் மட்டுமன்றி, குரோமோசோம்களின் எண்ணிக்கை பெருகுவதாலும் மாறுகின்றன. இதுவே இவரது ஆய்வுக்களமாகும். 1930களில் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்துக் கலப்பினம் உருவாக்கினார். 1945 இல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் கொல்கிசின் என்னும் வேதிப்பொருளால் மக்னோலியா நாற்றுகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். அவற்றின் இலைகள் தடித்து வளர்ந்தன.

1951 இல் தாயகம் திரும்பினார். 1977 இல் பத்மசிறீ விருது பெற்றார். முதுமையிலும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை மூழ்கடிக்கவிருந்த அணைத்திட்டத்தை எதிர்த்தார். அத்திட்டம் 1983 இல் கைவிடப்பட்டது.