இருளைத் தேடி வந்தவர்

ஆம்பூர், வாணியம்பாடி என்றதும் தோலும் காலணியும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சென்றால், ஜவ்வாது மலையில் காவலூர் என்றொரு சிற்றூர் வரும். நம்மில் பலர் அறியாத அவ்வூரை உலக வானியலாளர்கள் நன்கறிவர். அதற்குக் காரணமானவர் வைணு பாப்பு.

தலைச்சேரியைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில், 1927 ஆகஸ்ட் 10-இல் சென்னையில் பிறந்தவர் அவர். தந்தை, ஹைதராபாத் நிஜாமியா வான் ஆய்வகத்தில் பணியாற்றியவர். தொலைநோக்கியின் நிழலில் வளர்ந்த மகன், ஹைதராபாத் அரசின் உதவித்தொகையுடன் 1949-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவ்வாண்டு ஜூலை 2-ஆம் நாள் இரவு அவர் எடுத்த வழக்கமான வான் படத்தில், அதுவரை எவரும் பதிவு செய்திராத ஒரு வால்மீன் தெரிந்தது. ஆசிரியர் பார்ட் போக்கும் சக மாணவர் நியூகிர்க்கும் அதை உறுதிசெய்தனர். பாப்பு-போக்-நியூகிர்க் என மூவர் பெயரையும் அந்த வால்மீன் தாங்கியது. அப்போது பாப்புவுக்கு வயது 21.

வால்மீன் என்பது, சூரியக் குடும்பம் உருவானபோது மிஞ்சிய பனியும் தூசும் சேர்ந்த பிண்டம். சுமார் 460 கோடி ஆண்டுகளாகப் பெரும்பாலும் உறைநிலையிலேயே இருப்பதால், ஆதிப் பொருள்கள் அதில் அதிகம் மாறாமல் இருக்கின்றன. புவியின் நீர் எங்கிருந்து வந்தது, உயிருக்கு அடிப்படையான மூலக்கூறுகள் எங்கே தோன்றின என்ற கேள்விகளுக்கு அதனால்தான் அறிவியலாளர்கள் வால்மீன்களிடம் விடை தேடுகின்றனர்.

சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி ஒளிர்கிறது. அந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதிலுள்ள வாயுக்களை இனங்காணலாம். ஆனால், ஆவித்திரைக்குள் மறைந்திருக்கும் உட்கருவைத் தரையிலிருந்து பார்ப்பது அரிது. அதற்கு விண்கலம் வேண்டும்.

முனைவர் பட்டம் பெற்றபின், உலகின் மிகப்பெரிய தொலைநோக்கி இருந்த பாலோமரில் ஆய்வு செய்யும் வாய்ப்பு பாப்புவுக்குக் கிடைத்தது. அங்கு ஓலின் வில்சனுடன் இணைந்து அவர் கண்டறிந்த வில்சன்-பாப்பு விளைவு, விண்மீன்களின் உண்மையான ஒளிர்வை அளக்க உதவுவது. வெளிநாட்டிலேயே தங்கியிருந்தால் வசதிக்குக் குறைவிருந்திராது. எனினும் தாயகம் திரும்பினார். நைனிடாலில் ஆய்வகம் அமையப் பாடுபட்டு, 1960-இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார்.

கொடைக்கானல் சூரிய ஆய்வுக்குப் புகழ்பெற்றது. இரவு வானை ஆராய வேறிடம் தேடிய பாப்பு தேர்ந்தது காவலூரை. நகர வெளிச்சம் எட்டாத இருளும், தென்வானின் பெரும்பகுதியைக் காண உதவும் அமைவிடமும் அதன் சிறப்பு. கொடைக்கானல் பணிமனையில் உருவான 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி 1968-இல் அங்கு நிறுவப்பட்டது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டென்பதற்குச் சான்று பதிவுசெய்த இடங்களுள் காவலூரும் ஒன்று.

அடுத்து, 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்க அவர் முனைந்தார். வெளிநாட்டிலிருந்து வாங்கியிருந்தால் விரைவில் கிடைத்திருக்கும். ஆனால், ஆடியைத் தேய்க்கவும் மெருகேற்றவும் கற்ற கைகள் இங்கே உருவாகியிருக்கமாட்டா. பொருளியல் பயின்றவனுக்கு இதில் ஓர் ஒற்றுமை தெரிகிறது. 1970-களின் தொடக்கத்தில், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு வரம்பு விதித்தது. அதன்பின், முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் செய்து விற்கும் திறனை வேலூர், ஆம்பூர் வட்டாரம் வளர்த்துக்கொண்டது. மலையடிவாரத்துத் தொழிலும் மலைமேல் அறிவியலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே பாடத்தைக் கற்றன.

தம் கனவு நிறைவேறியதைப் பார்க்க பாப்பு இல்லை. பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்தபோதே, இதய அறுவை சிகிச்சைக்குப் பின் 1982 ஆகஸ்ட் 19-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமானார். 1986 ஜனவரி 6-இல் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்த அத்தொலைநோக்கிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

அதற்கு இரு மாதங்கள் கழித்து, மார்ச் 14-இல், ஐரோப்பாவின் ஜியோட்டோ விண்கலம் ஹாலி வால்மீனுக்குச் சுமார் 600 கிலோமீட்டர் அருகே பறந்தது. அதன் உட்கரு கரியைவிடக் கருமையானது என்பதும், வெளிப்பட்ட வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீராவி என்பதும் தெரிந்தன. 2006-இல் ஸ்டார்டஸ்ட் விண்கலம் வால்மீன் தூசியைப் புவிக்கே கொண்டுவந்தது. 2014-இல் ரொசெட்டா சென்றடைந்த வால்மீனின் நீரில், கன ஹைட்ரஜனின் விகிதம் நம் கடல்நீரில் உள்ளதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புவியின் நீர் வால்மீன்களின் கொடை என்ற கருத்து அதனால் மறுபரிசீலனைக்கு உள்ளானது.

விண்கலங்கள் பெறும் புகழில் தரையின் பங்கை மறந்துவிடக் கூடாது. வால்மீன் எந்நாளில் எங்கிருக்கும் என்பதைத் தரையிலுள்ள தொலைநோக்கிகள் தொடர்ந்து நோக்கிச் சொன்னால்தான் விண்கலத்துக்கு வழி தெரியும். அந்தத் தொலைநோக்கிகளுக்கு இருண்ட வானம் இன்றியமையாதது.

பாலாறு பொதுச்சொத்து, அதை எவரும் தம் கணக்கில் செலவாக எழுதவில்லை. தோல் கழிவால் அது சீரழிந்தபின், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்தது. ஆற்றைப் போலவே இருளும் பொதுச்சொத்துதான். பெருகிவரும் மின்விளக்குகள் அதை ஓசையின்றிக் கரைக்கின்றன. லடாக்கின் ஹான்லே 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காவலூரைச் சுற்றியும் அத்தகைய அக்கறை தேவை. வானை நோக்காமல் தரையை நோக்கி ஒளி பாய்ச்சும் மூடிய தெருவிளக்குகளுக்குப் பெருஞ்செலவு ஆகிவிடாது.

வைணு பாப்பு தேடிவந்தது அந்த இருளைத்தான். நதியை இழந்த பின் நீதிமன்றம் சென்றோம். வானையேனும் இழப்பதற்கு முன் காப்போம்.