கரிவரதன்

மோட்டார் பந்தயம் என்றதும் முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மில் பலருண்டு. பணமும் பொழுதும் மிகுந்தோர் ஆடும் ஆட்டம் அது என்பது அவர்கள் கட்சி. அக்கட்சியை அடியோடு தள்ளிவிட நாம் துணியோம். ஆயினும் அவ்வாட்டத்தையே ஸ்வதேசிக் கைத்தொழிலுக்கு ஒரு பள்ளிக்கூடமாக மாற்றிக் காட்டிய ஒருவரின் சரிதத்தை வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அவர் கோவை சுந்தரம் கரிவரதன்.

1910-ல் குப்புசாமி நாயுடு ஸ்தாபித்த லட்சுமி மில்ஸ் குடும்பத்தில், 1954-ல் அவர் பிறந்தார். நூலும் துணியும் விற்று சுகமாக வாழ்வதற்கு வேண்டிய யாவும் அவருக்கிருந்தன. ஆனால் அவர் மனம் சென்றது பட்டறைக்கு. பம்பும் மோட்டாரும் ஆலை யந்திரப் பகுதிகளும் வீதிதோறும் செய்யப்படும் கோவை நகரில், தேர்ந்த கைகளுக்கா பஞ்சம்? அக்கைகளின் திறமையை அவர் அறிந்திருந்தார்.

அக்காலத்தில் பந்தயம் சென்னைக்கு வடக்கே, சோழவரத்தில் நடந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமைத்த விமான ஓடுதளமே அங்கு ஓட்டப் பாதை. 1953-ல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்திற்று. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளிலிருந்து வாலிபர் கூட்டங்கூட்டமாகக் கிளம்பி, நகரைக் குறுக்கே கடந்து, வெயிலையும் புழுதியையும் பொருட்படுத்தாது அங்கு சென்றனர். இன்று தலைநரைத்த அவ்வபிமானிகள், கரிவரதன் பெயரைச் சொன்னால் மீண்டும் இளைஞராகி விடுகிறார்கள். அவர் வேகத்தை மட்டுமா அவர்கள் போற்றுகிறார்கள்? வண்டியை ஓட்டியவரே வண்டியைக் கட்டவும் வல்லவராயிருந்தார் என்பதையே பெருமையுடன் சொல்கிறார்கள்.

பந்தயத்துக்கென்றே செய்த வண்டி வேண்டுமானால் கடல் கடந்து வரவழைக்க வேண்டும். விலையோடு இறக்குமதித் தீர்வையும் சேரும். ஆகவே திறமையுள்ள ஏழை வாலிபன் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு திருப்தியடைய வேண்டியதாயிற்று. இந்த அநீதிக்குக் கரிவரதன் கண்ட பரிகாரம் எளிது. நாட்டில் எங்கும் கிடைக்கும் மாருதி 800 காரின் 796 சி.சி. யந்திரத்தை எடுத்துக்கொண்டார். அதற்கேற்ற இலேசான ஒற்றை ஆசன வண்டியைத் தாமே வகுத்துக் கட்டினார். 1988-ல் பார்முலா மாருதி பிறந்தது. எல்லா வண்டிகளும் ஒரே அமைப்பு. எல்லா யந்திரங்களும் ஒரே அளவு. எனவே வெற்றியை நிர்ணயிப்பது பணப்பையன்று, ஓட்டுவோன் சாமர்த்தியமே என்றாயிற்று. பழுது நேர்ந்தால் உதிரிப்பாகம் தேடிச் சீமைக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

விதைத்தது வீண்போகவில்லை. 1990-ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயப் பாதை திறக்கப்பட்டது. அங்கே பார்முலா மாருதியில் பந்தய வாழ்வைத் தொடங்கிய கோவை நரேன் கார்த்திகேயன், 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் பார்முலா மாருதியில் பழகியவரே. அவர் 2010-ல் அப்பீடத்தை எட்டினார். இவற்றைக் காணக் கரிவரதனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் அவர் மாண்டார். 2003-ல் கோவைச் செட்டிபாளையத்தில் திறந்த பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் பந்தயம் நடந்தது. நகரம் திரண்டு பார்த்தது, மகிழ்ச்சியே. ஆனால் அங்கே ஓடிய முக்கியமான வண்டிகளின் உடல் பிரான்ஸிலும் இத்தாலியிலும் செய்யப்பட்டது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்? உலகப் போட்டிக்கு உலக அளவு வேண்டும் என்பர். மெய்தான். எனினும், விலைக்கு வாங்கிய வேகம் நமது வேகமாகி விடாது. கோவையில் இன்றும் பந்தய வண்டி கட்டுவோர் உளர்; அவர்களை ஆதரிப்போர் பெருக வேண்டும்.

இரவில் கடற்கரைச் சாலையில் உயிரைப் பணயம் வைத்து மோட்டார் சைக்கிளில் பறக்கும் நம் இளைஞர்க்கும் ஒரு வார்த்தை. கரிவரதன் வேகத்துக்கு அஞ்சியவரல்லர். ஆனால் அதற்கு ஒரு களமும் ஒரு விதியும் வைத்தார். அந்த வேகத்தில் ஒரு பாதியைப் பட்டறைக்குக் கொடுங்கள். செல்வர்களே, அப்பட்டறையின் கதவைத் திறந்து வையுங்கள். அவருக்கு நாம் எழுப்பக்கூடிய ஞாபகச் சின்னம் இதைவிட வேறில்லை.