பட்டுத் தொப்பிக் கனவான்

அண்மையில் ஓரிரவு, பழைய பேசாப் படங்கள் அடங்கிய இறுவட்டொன்றை வீட்டிலிருந்தவாறே பார்த்தேன். அவற்றுள் ஒன்று 1911ஆம் ஆண்டில் வெளிவந்த குறும்படம். மருத்துவர் பணித்த மருந்து மதுவை அளவு மீறி அருந்திய கனவான் ஒருவர், பெரிய மனிதர் சிலரோடு பூசலிட்டு அவர்தம் பெயர்ச் சீட்டுகளைப் பெறுகிறார். அச்சீட்டுகளை நம்பிய காவலரோ, அவரைப் பிறர் இல்லங்களிலே மரியாதையோடு கொண்டுபோய்ச் சேர்க்கின்றனர்! நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அக்கனவானே மாக்ஸ் லிண்டர். 1883இல் பிரான்சின் போர்தோ நகருக்கு அண்மையிற் பிறந்தவர். 1905இல் பாதே நிறுவனத்தின் படங்களில் நடிக்கத் தொடங்கி, பட்டுத் தொப்பியணிந்த நாகரிக இளைஞனாய் உலகப் புகழ் எய்தினார். சாப்ளினே அவரைத் தம் ஆசானென மதித்தார். ஆனால், முதலாம் உலகப் போர் அவர் உடல்நலத்தைக் குலைத்தது. அமெரிக்கா சென்றும் பழைய புகழ் மீளவில்லை. 1925இல் அவரும் இளம் மனைவியும் பாரிசில் அகால மரணமெய்தினர்.

எஞ்சியது பதினாறு மாதப் பெண் குழந்தை, மோட். தந்தையை அவர் அறிந்தது திரையிலேதான். அழிந்தவை போக எஞ்சிய படங்களைத் தேடிச் சேர்ப்பதையே தம் வாழ்க்கைப் பணியாக்கினார். 1963இல் மூன்று படங்களைத் தொகுத்து வெளியிட்டார். 1983இல் தந்தையின் வரலாற்றைப் படமாக்கினார். 2017இல் மறைந்தார்.

இவற்றை அறிந்தபின் அவ்விறுவட்டை மீண்டும் இட்டேன். முன்போலவே சிரித்தேன், ஆயினும் கண்கள் கலங்கின. பழைய படச்சுருளைக் குப்பையென வீசுவோர், ஒரு குழந்தைக்கு எஞ்சிய தந்தையையே வீசிவிடக்கூடும்.